நான்காவது பாட்டில் ஒரு நிறுத்தம்

ஜனவரி 8, திங்கள்

ரிட்டயர் ஆகி எட்டு நாள். கம்பெனியில் கடைசி நாளன்று ஒரு சால்வை, இந்த டைரி, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் ஒன்று, மூன்றும் கொடுத்தார்கள். சால்வையை என் மனைவி வசந்தாமணி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். முப்பத்து நான்கு வருடம் மோட்டார் பம்ப் டெஸ்டிங்கில் தினமும் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் டைரி.

ஹெட்செட்டை இன்று காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போனேன். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி மேடு வரை போய்ச் சுற்றி வந்தால் இரண்டரை கிலோமீட்டர். என் ஃபோனில் பாட்டுக்கென்று இருப்பது ஒரே ஆப். என் மகள் மிருதுளா ஜப்பானுக்கு வேலைக்குப் போகும்போது, "உங்களுக்குத் தனியா எதுக்குங்ப்பா, என்ற கணக்குலயே கேளுங்க" என்று அவள் கணக்கையே என் ஃபோனிலும் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருடமாக நான் அதைத் தொட்டதில்லை. திறந்தால் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஏதோ ஒன்றை அழுத்தினேன்.

கருமம். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒருவன் அழுகிறானா கத்துகிறானா தெரியவில்லை. எப்படி நிறுத்துவது என்று தெரியாததால் மேடு வரை கேட்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

காதிலிருக்கும் பித்தானை ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும். தெரிந்துகொண்டேன். ஆனாலும் கேட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

வசந்தாமணியின் ஃபோனால் என் ஃபோனைப் படம் பிடித்தால், எழுத்தையெல்லாம் தமிழாக்கிக் காட்டுகிறது. அந்தப் பட்டியலின் பெயர் 'புதியவை'. ஊர் பேர் தெரியாத சின்னச் சின்ன ராக் குழுக்கள். பெரிய கம்பெனி எதுவும் கிடையாது, அவர்களே பாடி, அவர்களே பதிந்து போடுகிறார்கள். மிருதுளா அங்கே தேடிப்பிடித்து இதில் சேர்க்கிறாள். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் சேர்த்த தேதி இருக்கிறது. கடைசிப் பாட்டுக்கு ஜனவரி 10.

அதாவது நேற்று. நேற்று அவள் நல்லபடியாக எழுந்து, ஃபோனைக் கையில் எடுத்து, ஒரு பாட்டைக் கேட்டு, பிடித்திருந்து சேர்த்திருக்கிறாள். ரெக்கார்டுக்காகக் குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

"ஏனுங்க, அவ பாட்டெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் வசந்தாமணி.

"ஹெட்செட் சும்மா கெடக்குதல்லோ?"

அதற்கு அவள் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிப்பதில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மிருதுளா இன்று அம்மாவைக் கூப்பிட்டாள். வழக்கமாக ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுவாள். அவள் இருக்கும் நகோயாவில் குளிர் ஜாஸ்தியாம். இருபத்திரண்டு நிமிடம் பேசினார்கள். எனக்குத் தோட்டத்துக் குழாயில் வேலை இருந்தது. குழாய் அடுப்படி ஜன்னலுக்கு வெளியில்தான் இருக்கிறது.

நவம்பரில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. சின்ன விஷயம்தான்.

ஒரு வாரம் கேட்டதில் மூன்று குழுக்களைத் தனியாகப் பிரித்தறிய முடிகிறது. பெயரெல்லாம் ஃபோன் சொன்னது.

'குடையை மறந்தவர்கள்': நான்கு பையன்கள். டிரம் அடிப்பவன் அரை நூல் பிந்துகிறான். கிட்டார் நல்ல கிட்டார். ரீவொர்க், சரிபண்ணினால் தேறும்.

'மாடி ஜன்னல்': ஒரு பெண், இரண்டு கிட்டார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது. அதை அழித்திருக்கலாம், அழிக்காமல் விட்டிருக்கிறாள். பாஸ்.

'மூன்றாம் நடைமேடை': முதல் நாள் கேட்ட ஆலங்கட்டி. ரிஜெக்ட்.

டெஸ்டிங்கில் ஸ்குரூ டிரைவரை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பேன். எந்த பேரிங் எத்தனை மாதத்தில் போகும் என்று சொல்லிவிடுவேன். மெஷின் வந்த பிறகும், சந்தேகம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காது இப்போது இந்தப் பையன்களுக்கு வேலை செய்கிறது. அவர்களுக்குத் தெரியாது.

ஜனவரி 19, வெள்ளி

ஒரு ஃபால்ட். காலை ஐந்தேகாலுக்குப் பாட்டு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும். தட்டினால் ஓடும். ஒரு நிமிடத்தில் மறுபடி நிற்கும். மறுபடி தட்டுவேன். இன்று ஐந்து தடவை. நிற்கும்போதெல்லாம் ஃபோன் அடியில் ஒரு பச்சைப் பட்டை, ஜப்பான் எழுத்தோடு வருகிறது. ஏதாவது விளம்பரமாக இருக்கும்.

ஜனவரி 28, ஞாயிறு

ஃபால்ட்டை முறையாகப் பரிசோதித்தேன். ஹெட்செட் மாற்றிப் பார்த்தேன், அதே. வேறு தெருவில் நடந்தேன், அதே. மத்தியானம் கேட்டால் ஃபால்ட் இல்லை. சனி, ஞாயிறு காலையிலும் இல்லை. வாரநாள் காலை மட்டும்தான். வாரநாள் மட்டும் கெட்டுப்போகும் சாதனத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

கூட நடக்கும் ஆரோக்கியராஜிடம் சொன்னேன். லேத் பட்டறை வைத்திருந்தவர், பக்கத்துத் தெரு. "ஜப்பான்காரன் மிசினுங்க, சனி ஞாயிறு லீவு எடுத்துக்கும்" என்று சிரித்தார். மனுசனுக்கு எதையும் ஆராயத் தெரியாது.

குடையை மறந்தவர்கள் புதுப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். டிரம்காரன் இன்னும் பிந்துகிறான். ஆனால் மற்ற மூவரும் இப்போது அவனுக்காகப் பிந்துகிறார்கள். சேர்ந்து பிந்தினால் அது தப்பு இல்லை போலிருக்கிறது. இந்தப் பாட்டு இதுவரை 1,204 தடவை கேட்கப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. அதில் ஒன்பது நான்.

பிப்ரவரி 5, திங்கள்

ஒரு தப்பு நடந்துவிட்டது. மாடி ஜன்னல் பெண் பாடிக்கொண்டிருந்தாள். நின்றுபோன பாட்டை ஓட்ட வேண்டி, திரையில் எதையோ அழுத்தியதில் ஒரு இதயம் பச்சையாகிவிட்டது. பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். திரும்ப அழுத்தினால் போகும் என்று அழுத்தினேன். போனது மாதிரி இருந்து மறுபடி வந்துவிட்டது.

அவள் கணக்கு. அவள் பார்ப்பாள். அவள் போடாத இதயம் ஒன்று அங்கே இருந்தால் யார் போட்டது என்று தெரியாதா? பாஸ்வேர்டை மாற்ற அவளுக்கு அரை நிமிடம் போதும். மாற்றிவிட்டால் பட்டியல் போய்விடும், தேதி போய்விடும்.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பாஸ்வேர்டு மாறவில்லை. ஃபால்ட்டும் இல்லை. ஒரு தடவைகூடப் பாட்டு நிற்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

ஒரு வாரமாக ஃபால்ட் அறவே இல்லை. தானாக வந்து தானாகப் போன ஃபால்ட்டை நம்பக் கூடாது என்று ஜூனியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இல்லை.

இன்னொரு மாற்றம். இப்போது 'புதியவை'யில் தினமும் காலை ஆறே ஆறு பாட்டுகள் மேலே வந்து நிற்கின்றன. கூட்டிப் பார்த்தேன், இருபத்தாறு நிமிடத்திலிருந்து இருபத்தெட்டு நிமிடம். என் நடை அவ்வளவுதான். நான் எத்தனை நேரம் கேட்கிறேன் என்று ஆப் கணக்கு வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தாற்போல் அடுக்கிக் கொடுக்கிறது. மெஷின் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மேடு ஏறும்போது நான்காவது பாட்டு வருகிறது. அங்கே ஒரு நிமிடம் பாட்டை நிறுத்திவிட்டு நிற்கிறேன். நடந்துகொண்டே கேட்டால் நுணுக்கம் தெரிவதில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

செவ்வாயிலிருந்து மூன்றாவது பாட்டிலேயே நிற்கிறேன். வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது இந்த வருடம்.

"காலங்காத்தால அஞ்சரை மணிக்கு ஏதுங்க வெயிலு?" என்றார் ஆரோக்கியராஜ். "மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போட்டுதே. இடது கைய எதுக்கு இப்புடிப் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

பழக்கம் என்றேன்.

பட்டியலில் சத்தமான பாட்டுகள் குறைந்துவிட்டன. மூன்றாம் நடைமேடையைக் காணோம். அந்த ஆலங்கட்டி இல்லாமல் காலை என்னவோ மாதிரி இருக்கிறது. ரிஜெக்ட் என்று எழுதியதை 'நிபந்தனையோடு பாஸ்' என்று திருத்துகிறேன்.

பிப்ரவரி 21, புதன்

ஆரோக்கியராஜ் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். திங்களன்று மேட்டில் நான் உட்கார்ந்துவிட்டேன் என்பதற்காக. அவருக்கு எல்லாமே அவசரம்.

ரிப்போர்ட்: இதயத்துக்குப் போகும் மெயின் லைன் மூன்றில் அடைப்பு. ஒன்று தொண்ணூறு சதவீதம், ஒன்று எண்பது, ஒன்று எழுபது. பைபாஸ் பண்ண வேண்டும். தேதி மார்ச் 20. அதுவரை நடை கூடாது, மேடு கூடவே கூடாது.

டாக்டர் சின்ன வயசு. "பயமா இருக்கா சார்?" என்றார். "லைன் அடைச்சா பைபாஸ் போடறது எங்க தொழில்லயும் உண்டுங்க" என்றேன். சிரித்தார். வசந்தாமணி சிரிக்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

வசந்தாமணி ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மிதுகிட்டச் சொல்லிப்போடறனுங்க."

"வேண்டாம்."

"இது எப்புடிங்க மறைக்கறது? நாளைக்கு அவ என்னையல்லோ கேப்பா?"

"சொன்னா நம்புவாளா?"

ஃபோனைக் கீழே வைத்தாள். என்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தியம் பண்ணினாள்.

நவம்பர் விஷயத்தை இதுவரை முழுதாக எழுதவில்லை. ரிஜிஸ்டரில் பாதி எழுதி வைப்பது தப்பு. எழுதிவிடுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். மிருதுளா இப்போது கல்யாணம் வேண்டாம் என்றாள், லீவு கிடையாது என்றாள். நான் ஃபோன் போட்டு, எனக்கு நெஞ்சு வலி, ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். அதற்கு ஆதாரமாக ஒரு ஈசிஜி படத்தையும் அனுப்பினேன். ஆரோக்கியராஜின் மச்சானுடையது. பெயரை விரலால் மறைத்துப் படம் எடுத்தேன். வசந்தாமணியைப் பேசச் சொன்னேன். அவளுக்குப் பொய் வராது. அழுகை வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் மூன்று விமானம் மாறி வந்தாள். பீளமேடு ஏர்போர்ட்டுக்கு அவளைக் கூட்டிவர நானே போனேன். அவள் வரும்போதெல்லாம் நான்தான் போவேன். ஐசியூவில் இருக்கிறவன் கார் ஓட்டிக்கொண்டு போய் நிற்கக் கூடாது என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நின்றேன்.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து நெஞ்சில் கையை வைத்தாள். "உங்கள எப்புடிங்ப்பா வெளிய உட்டாங்க? உக்காருங்க, உக்காருங்க" என்றாள். நான் சிரித்தேன். "சும்மா கண்ணு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. இல்லாட்டி நீ வருவியா?"

கையை எடுத்துவிட்டாள். "இனிமே நீங்க எது சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்ப்பா" என்றாள். கத்தவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய் அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரவே இல்லை. வசந்தாமணி கேசரி கிண்டி வைத்திருந்தாள்.

அம்மாவோடு பேச ஒரு மாதம் ஆனது. என்னோடு இன்னும் ஆகவில்லை.

இப்போது மூன்று அடைப்பு என்று சொன்னால், நவம்பரில் எப்படிச் சொன்னேனோ அப்படியேதான் இருக்கும். ரிப்போர்ட் அனுப்பினால் அதையும் ஏற்கனவே அனுப்பிவிட்டேன். வசந்தாமணி அழுதால் அதையும் அவள் கேட்டுவிட்டாள்.

பிப்ரவரி 26, திங்கள்

நடை கூடாது என்றார்கள். பாட்டுக் கூடாது என்று சொல்லவில்லை. வியாழனிலிருந்து ஐந்தேகாலுக்கு வாசல்படியில் உட்கார்ந்து ஆறு பாட்டையும் கேட்கிறேன். உட்கார்ந்து கேட்டால் எங்கேயும் நிறுத்த வேண்டியதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். அம்மாவும் மகளும் ரசப் பொடி பற்றிப் பேசினார்கள். வசந்தாமணி சத்தியத்தைக் காப்பாற்றினாள். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. சளி என்று சொன்னாள்.

அப்புறம் நான் ஒரு மெசேஜ் எழுதிப் பார்த்தேன். "கண்ணு, இது நிஜம்." அழித்தேன். நிஜம் என்று எழுதினாலே பொய் மாதிரி இருக்கிறது.

உண்மையான காரணத்தையும் எழுதிவிடலாம், இதை யார் படிக்கப் போகிறார்கள்? அவள் நம்பமாட்டாள் என்பது அல்ல பயம். நம்பியும் வராமல் இருந்துவிட்டால்? அதை வைத்துக்கொண்டு நான் ஆபரேஷன் டேபிளில் படுக்க முடியாது. தெரியாததால் வரவில்லை என்றால் படுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று ஆறாவது பாட்டு குடையை மறந்தவர்களுடையது. மேடையில் பாடியதை அப்படியே பதிந்திருக்கிறார்கள். ஃபோனைக் கேட்டால் பாட்டின் பெயர் 'ஈரக் காலுறை', இடம் நகோயா என்கிறது. சின்ன இடம். கைதட்டலைக் கேட்டால் இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்காது. யாரோ இருமுகிறார்கள். டிரம்காரன் பிந்தவே இல்லை. தேறிவிட்டான். எனக்கு என்னமோ என் கையில் வேலை கற்றவன் தேறிய மாதிரி ஒரு சந்தோஷம்.

கைதட்டலை மட்டும் நான்கு தடவை கேட்டேன். இருபது பேரில் ஒருத்தி வலது பக்கம், எல்லோரும் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டுகிறாள். மிருதுளா பள்ளி ஆண்டு விழாவில் அப்படித்தான் தட்டுவாள்.

ஆதாரம் இல்லாததை ரெக்கார்டில் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

நாளை சேர வேண்டும். பையில் இரண்டு வேட்டி, துண்டு, கண்ணாடி, இந்த டைரி. சாவிக்கொத்தை எங்கே வைப்பேன், மோட்டார் ஸ்விட்ச் எது என்று வசந்தாமணிக்குக் காட்டினேன். "இதெல்லாம் எனக்கு எதுக்குங்க காட்டறீங்க?" என்று கோபித்துக்கொண்டாள்.

ஆறு பாட்டும் கேட்டேன். மூன்றாம் நடைமேடை திரும்ப வந்திருக்கிறது, ஆனால் மெதுவான பாட்டு. அவனுக்கும் மெதுவாகப் பாடத் தெரிந்திருக்கிறது. பாஸ். நிபந்தனை இல்லை.

மார்ச் 18, திங்கள்

காலை நான்கரைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. ஃபோன் கூடாது என்று வாங்கி வசந்தாமணியிடம் கொடுத்துவிட்டார்கள். அணைத்துப் பையில் போட்டுவிட்டாள். மணி ஐந்தேகாலுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

மார்பில் ரோமம் எடுத்தார்கள். வசந்தாமணி காலையில் வராந்தாவுக்குப் போய் அரை மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு டெட்டால் நெடி என்றாள்.

மார்ச் 30, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள். மார்பின் நடுவில் தையல். தும்மினால் உயிர் போகிறது.

மிருதுளா அடுப்படியில் இருக்கிறாள். மோர்க் குழம்பு வாசம் வருகிறது. இன்று இவ்வளவுதான் முடியும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

21ஆம் தேதி கண் விழித்தேன். வாயில் குழாய். பேச முடியாது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டை ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். ஜப்பான் குளிருக்குப் போடும் கனத்த கோட்டைக் கோயமுத்தூர் மார்ச்சில் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பெயரைப் பார்த்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, கட்டுக்கு ஓரமாக, கட்டின்மேல் படாமல், உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தாள்.

"இந்தத் தடவ நெசந்தானுங்ப்பா" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை வரவில்லை. அவள்தான் துடைத்தாள்.

வசந்தாமணி சத்தியத்தை மீறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று கேட்டுவிட்டேன். "நான் ஒண்ணுமே சொல்லலீங்க" என்றாள். "செவ்வாக்கெழம காலையில அவளாத்தான் கூப்புட்டா. ஞாயித்துக்கெழமைகூட இல்ல. எடுத்த எடுப்புல, ஏம்மா, அப்பா ரெண்டு நாளாப் பாட்டே கேக்கலியே, என்னாச்சுன்னா. எனக்குச் சத்தியம் இருக்குதே. சும்மாதான் நின்னேன். அவளே புரிஞ்சுட்டா."

எனக்கு விளங்கவில்லை. மிருதுளாதான் விளக்கினாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

ஒரு கணக்கில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பாட்டுக் கேட்க முடியுமாம். இங்கே ஐந்தேகால் என்றால் அங்கே எட்டே முக்கால். அவள் ஆபீஸ் ரயிலில் இருப்பாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நான் இங்கே அழுத்தியதும் அங்கே நின்றுவிடும். கீழே பச்சைப் பட்டையில் 'அப்பா ஃபோன்' என்று வரும். என் ஃபோனுக்கு அவள்தான் அந்தப் பெயர் வைத்திருந்தாள். அவள் கோபத்தில் திருப்பி அழுத்துவாள், இங்கே நிற்கும். நான் அழுத்துவேன், அங்கே நிற்கும். ஜனவரி முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. வாரநாள் ஃபால்ட்.

"பாஸ்வேர்ட மாத்தலாம்னு ஒரு நாள் எடுத்துட்டேன்ப்பா. அன்னிக்குன்னு பாத்து நீங்க மாடி ஜன்னலுக்கு ஹார்ட்டுப் போட்டு வெச்சிருந்தீங்க. அந்தக் குழுவ ஜப்பான்லயே பத்துப் பேருக்குத் தெரியாது. எங்கப்பனுக்குப் புடிச்சிருக்குதான்னு சிரிப்பு வந்துருச்சு. அதுக்கப்பறம் நான் அழுத்தறதில்ல."

"அப்ப ரயில்ல நீ என்ன பண்ணுவ?"

"சும்மா திரையப் பாத்துட்டே போவேன். நீங்க எந்தப் பாட்டுல இருக்கறீங்கன்னு தெரியும். ஆறு பாட்டு உங்களுக்குன்னு அடுக்குவேன். ராத்திரியே தேடி வெச்சுருவேன், புதுசா யாரு போட்டிருக்காங்கன்னு."

மெஷின் இல்லை. நான் மெஷின் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கீரையை உருவுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பிப்ரவரில நீங்க டெய்லி நாலாவது பாட்டுல நின்னீங்கப்பா. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். மேடுன்னு எனக்குத் தெரியும். முன்னயெல்லாம் மேட்டுல நீங்க நின்னதே இல்ல. அப்பறம் மூணாவதுல நின்னீங்க. எனக்குப் பயமாப் போச்சு. கேக்கறதுக்கு வீம்பு. சரி, வேகமா நடக்க வெக்கற பாட்டு வேண்டாம்னு எடுத்துட்டேன். அப்பறம் ஒரு நாள்லருந்து எங்கயும் நிக்கவே இல்ல நீங்க. சரியாப்போச்சாட்ட இருக்குதுன்னு சந்தோசப்பட்டேன். உக்காந்துட்டீங்கன்னு தெரியல."

வசந்தாமணி ஆய்ந்த கீரையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி" என்றேன். நவம்பரைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. சரி என்று சொல்லவில்லை. காம்பைக் கிள்ளிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

ஏப்ரல் 4, வியாழன்

'ஈரக் காலுறை' கைதட்டலைப் போட்டுக் காட்டி, வலது பக்கம் கடைசியாகத் தட்டுவது நீயா என்று கேட்டேன்.

"ஐயோ அப்பா, அன்னிக்கு எனக்கு ஆபீஸ். நான் போகவே இல்ல" என்று சிரித்தாள்.

ரெக்கார்டில் திருத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மிருதுளா கிளம்பினாள். ஏர்போர்ட்டுக்கு நான் போகக் கூடாது என்று மூன்று பேரும் தடுத்துவிட்டார்கள், ஆரோக்கியராஜ்தான் மூன்றாவது. வாசலில் நின்றேன். கார் ஏறுமுன் திரும்பி வந்து, "மாசத்துக்கு ஒருக்கா டாக்டர் சொல்றத நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லோணும்" என்றாள்.

"நம்புவியா?"

"ரிப்போர்ட்டோட அனுப்புங்க. பேரு தெரியோணும்."

ஏப்ரல் 15, திங்கள்

வாசலில் இருந்து கேட் வரை நடக்க அனுமதி. ஐந்தேகாலுக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆப்பைத் திறந்தேன். அடியில் பச்சைப் பட்டை இருந்தது. வசந்தாமணியின் ஃபோனை வாங்கிப் படம் பிடித்தேன். மூன்று மாதமாக எனக்கு விளம்பரமாக இருந்தது அது. 'மிருதுளா ஃபோனில் ஒலிக்கிறது' என்று வந்தது. அதற்குமேல் பாட்டின் பெயர், புது ஆட்கள், நான் கேட்டதில்லை.

அழுத்தவில்லை. அவள் கேட்கட்டும் என்று படியில் உட்கார்ந்தேன். திரையில் கோடு மெல்ல நகர்ந்தது. ஹெட்செட்டில் ஒரு சத்தமும் இல்லை. பால்காரர் வந்தார், பாலை வாங்கி வைத்தேன், திரும்பி வந்து பார்த்தேன். பாட்டு முடியுமிடத்துக்கு வந்திருந்தது. அது முடிந்ததும் அடுத்த பாட்டின் ஆரம்பத்தில் கோடு நின்றுவிட்டது. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். நகரவில்லை. எனக்காக விட்டிருக்கிறாள்.

அழுத்தினேன். மாடி ஜன்னல், புதுப் பாட்டு. அந்தப் பெண் மூச்சு இழுத்தாள், பாடினாள். கேட் வரை நடந்து திரும்பி வந்தேன்.

பாட்டின் நீளம் நான்கு நிமிடம் பதினொரு விநாடி. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.